தண்ணீருக்குள் ஒரு புல்தரை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஓசூர் நண்பர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "கால் மணி நேரம் பேசணும், கம்பெனி, ப்ரமோஷன், அமெரிக்கா இது மூணும் வேண்டாம், போன தடவையே ஜனங்க தாங்கல" என்று சொன்னார். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது ஒரு மீன்தொட்டிதான். அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன். மீனைப் பற்றிக்கூட இல்லை. தொட்டியின் அடியில், தண்ணீருக்குள், புல்தரை மாதிரி படர்ந்து நிற்கிற செடிகளைப் பற்றி. இந்தப் பழக்கம் உள்ளவர்கள் அதைக் 'கார்ப்பெட்' என்கிறார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிற ஒரு மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நாம் இங்கே படித்த படிப்பில் பாதி இந்த ஒன்றரை அடித் தொட்டிக்குள் இருக்கிறது என்பதுதான் என் பதில்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். இந்தக் கலையை உலகத்துக்குப் பரப்பியவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த டகாஷி அமானோ. 1954-ல் பிறந்தவர், சைக்கிள் பந்தய வீரராக இருந்து பின்பு புகைப்படக்காரர் ஆனவர். 1982-ல் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார். 1990-களில் வந்த அவருடைய படப் புத்தகங்களைப் பார்த்துத்தான், மீன்தொட்டி என்றால் பிளாஸ்டிக் செடியும் நீலக் கல்லும் வாயைத் திறந்து மூடும் முதலை பொம்மையும்தான் என்று இருந்த நிலை மாறியது. செடிக்குக் கரியமில வாயு வேண்டும் என்று யோசித்து, முதலில் தொட்டியில் சோடாவை ஊற்றிப் பார்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 2015-ல் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரத்து நீர்வாழ் உயிரினக் காட்சிசாலையில் 40 மீட்டர் நீளத்தில் ஒரு தொட்டி அமைத்துக் கொடுத்தார். அதே வருஷம் காலமானார். நம் ஊர் வெல்டிங் ஷாப்பில் பார்க்கிற சிலிண்டருக்கும் மீன்தொட்டிக்கும் உறவு உண்டாக்கிய மனிதர் என்று நான் அவரை நினைத்துக்கொள்வேன்.

கார்ப்பெட் செடிகள் என்று விற்பவை எல்லாம் பெரும்பாலும் பிறவியிலேயே தண்ணீருக்குள் வாழ்பவை இல்லை. ஆற்றங்கரை, ஓடைக்கரை, சதுப்பு, இங்கெல்லாம் ஈர மண்ணில் படர்ந்து, வெள்ளம் வந்தால் சில மாதம் மூழ்கிக் கிடந்து சமாளிக்கிற ஜாதி. அமானோ பிரபலமாக்கிய குளோசோஸ்டிக்மா ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கத்துச் செடி. இன்று எல்லோரும் ஆசைப்படுகிற 'கியூபா' என்ற மிகச் சின்ன இலைச் செடி, டென்மார்க் நாட்டு நர்சரிக்காரர் ஹோல்கர் விண்டெலோவ் கியூபாவில் கண்டெடுத்துப் பரப்பியது. 'மான்டி கார்லோ' என்ற பெயரைக் கேட்டுச் சூதாட்ட நகரத்துச் செடி என்று நினைத்துவிடாதீர்கள், அது அர்ஜென்டினா. கோரைக் குடும்பத்துக் குட்டிப் புல் ஒன்று உண்டு, தலைமுடி மாதிரி இருக்கும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் பார்வா என்பது கிரிப்டோகோரைன் பேரினத்திலேயே குள்ளமானது. நட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், நம் கோர்ட் கேஸ் மாதிரி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள யூட்ரிகுலேரியா ஒன்றும் கார்ப்பெட் ஆகும். அது புல் மாதிரி சாதுவாக இருந்துகொண்டு அடியில் உள்ள பைகளில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பார்த்தால் அப்படித் தெரியாது.

சரி, இவற்றில் ஒன்றைப் பெங்களூரில் ஒரு கப் 300 ரூபாய் கொடுத்து வாங்கி, அத்திப்பள்ளி டிராபிக்கைத் தாண்டிக் கொண்டுவந்து நட்டால் என்ன ஆகும்? பத்து நாள் பச்சையாக இருக்கும். பிறகு மஞ்சளடிக்கும். மூன்றாவது வாரம் இலைமேல் பழுப்புப் பாசி, அதற்கப்புறம் பச்சைப் பாசி. கடைக்காரர், "லைட் பத்தல சார்" என்று இன்னொரு எல்.இ.டி. விளக்கை விற்பார். அதைப் போட்டதும் பாசி இரட்டிப்பாகும். பல பேர் தொட்டியைப் பரணில் ஏற்றுவது இந்தக் கட்டத்தில்தான்.

அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு ஸ்டேஷன் மெதுவாக ஓடுகிறது. முன்னால் உள்ள ஸ்டேஷனை வேகப்படுத்தினால் உற்பத்தி கூடுமா? நடுவில் சரக்கு குவியும், அவ்வளவுதான். தொட்டியில் குவிகிற அந்தச் சரக்குக்குப் பெயர் பாசி. மெதுவாக ஓடுகிற ஸ்டேஷன் எது என்றால், பத்துக்கு எட்டுத் தொட்டியில் அது விளக்கு அல்ல, உரம் அல்ல, கார்பன்.

கணக்கைப் பாருங்கள். காற்றில் கரியமில வாயு இன்று பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. அந்தக் காற்றோடு சமநிலையில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரில் 25 டிகிரியில் கரைந்திருப்பது சுமார் 0.6 மில்லிகிராம். அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. வாயு தண்ணீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. இலையைச் சுற்றி இருந்ததை இலை குடித்துவிட்டால் அடுத்தது வந்து சேர நேரமாகும். கரையில் காற்றிலிருந்து தாராளமாக எடுத்துப் பழகிய செடியைக் கொண்டுவந்து இந்தப் பஞ்சத்தில் மூழ்க வைக்கிறோம். ஆகவேதான் கியூபா போன்றவற்றுக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் வாயுவைக் கரைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, இயற்கையில் கரைவதைப் போல ஐம்பது மடங்கு.

"அப்போ நம்ம ஏரியில வேலம்பாசி எப்படி சார் சிலிண்டர் இல்லாம வளருது?" என்று என் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. வேலம்பாசி, ஹைட்ரில்லா போன்றவை நிஜமான நீர்வாசிகள். தண்ணீரின் கடினத்தன்மையில் இருக்கும் பைகார்பனேட்டை உடைத்து அதிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் வித்தை அவற்றுக்குத் தெரியும். நம் ஓசூர் போர் தண்ணீரில் அதற்குப் பஞ்சமே இல்லை. கெட்டிலில் படிகிற வெள்ளைப் படிவம் சாட்சி. நாம் வாங்கிவருகிற கார்ப்பெட் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வித்தை தெரியாது. சாப்பாடு நிறைய இருக்கிற வீட்டில், சாப்பிடத் தெரியாத விருந்தாளி.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு இருக்கிற கொடுமையால் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் செடி வைப்பது சுலபம். போர் மட்டும் உள்ளவர்கள் ஆர்.ஓ. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான். ஜப்பான் மண் என்று உருண்டை உருண்டையாக விற்கிறார்களே, அது தண்ணீரின் கடினத்தன்மையை இழுத்துக்கொள்ளும். ஆனால் நம் போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் சீக்கிரமே அதன் சக்தி தீர்ந்துவிடும். தவிர அது முதல் சில வாரம் அம்மோனியா விடும். அதுவரை மீனை விடக்கூடாது. செலவு செய்ய மனமில்லாதவர்கள் சலித்த செம்மண்ணில் மக்கிய மண்புழு உரத்தைக் கொஞ்சம் கலந்து ஒரு அங்குலம் போட்டு, அதன்மேல் ஒரு அங்குலம் கழுவிய மணல் மூடினால் போதும். அமெரிக்காவில் டயானா வால்ஸ்டாட் என்ற அம்மையார் 1999-ல் இந்த மண் முறையை விவரித்து ஒரு புத்தகமே எழுதினார். கல்லுக்கு நாம் எங்கும் போக வேண்டாம். கிருஷ்ணகிரி கிரானைட் உலகம் பூராவும் போகிறது, அதன் சில்லுகள் பட்டறை வாசலில் கிடக்கின்றன. கிரானைட் தண்ணீரில் கரையாது. சந்தேகமான கல்லாக இருந்தால் மேலே வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, வேண்டாம்.

இப்போது வாயு. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

சின்னத் தொட்டிக்குச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போதும். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர், 200 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் ஈஸ்ட். கணக்குப்படி 200 கிராம் சர்க்கரை சுமார் 100 கிராம் கரியமில வாயு தரும். நடைமுறையில் அதற்கு முன்பே ஆல்கஹால் ஏறி ஈஸ்ட் செத்துவிடும். இரண்டு, மூன்று வாரம் ஓடும். ராத்திரி வேண்டாம் என்று குழாயை அடைத்தீர்களானால் பாட்டில் வெடிக்கும். அடைக்காமல், ராத்திரி ஏர் பம்பை ஓடவிட வேண்டும்.

கொஞ்சம் பெரிய தொட்டி என்றால் சிலிண்டர்தான். ஓசூரில் மிக் வெல்டிங்குக்காக இந்த வாயு தாராளமாகக் கிடைக்கிறது, அதனால் நம் ஆட்கள் துணிந்து இறங்கிவிடுகிறார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். 25 டிகிரியில் கேஜ் சுமார் 64 பார் காட்டும், மார்கழிக் காலையில் 15 டிகிரி என்றால் 50 பார். திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை முள் இறங்காது. மாசக்கணக்கில் அசையாமல் நிற்கிற முள்ளைப் பார்த்து, "இன்னும் ஃபுல்லா இருக்கு" என்று நினைப்போம். திரவம் தீர்ந்ததும் முள் மளமளவென்று விழும். மலிவான ஒற்றைக்கட்ட ரெகுலேட்டராக இருந்தால், உள்ளே அழுத்தம் குறையக் குறைய வெளியே போகும் அழுத்தம் கூடும். சிலிண்டரில் மிஞ்சிய வாயு ஒரே ராத்திரியில் தொட்டிக்குள் போய்விடும். நம் ஜூனியர் ஒருவர் வீட்டில் இப்படித்தான் ஆயிற்று. வெள்ளிக்கிழமை ராத்திரி எல்லாம் சரியாக இருந்தது. சனிக்கிழமை காலையில் முப்பது நியான் டெட்ராவும் மேலே மிதந்தன. அவருடைய பெண் குழந்தை ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தது. ஆகவே தீரும்வரை காத்திருக்காதீர்கள். காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்தில் அடித்திருக்கும். மாதம் ஒரு தடவை தராசில் வைத்து, கால்பங்கு மிச்சம் இருக்கும்போதே மாற்றுங்கள். இரட்டைக்கட்ட ரெகுலேட்டர் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் இந்தத் தொல்லை இல்லை. சிலிண்டர் எப்போதும் செங்குத்தாக நிற்க வேண்டும், சுவரோடு சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும்.

மீனோடு போனால் பரவாயில்லை என்று சொல்லலாம். அதனால் இன்னொரு கணக்கு. 2 கிலோ வாயு மொத்தமும் கசிந்தால் அது சுமார் 1.1 கன மீட்டர். பத்துக்குப் பத்து, உயரம் பத்தடி உள்ள அறையின் கொள்ளளவு 28 கன மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 4 சதவீதம் வருகிறது. தொழிற்சாலைகளில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கிற அளவு அரை சதவீதம். உடனடியாக உயிருக்கு ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் வகுத்திருக்கும் அளவு 4 சதவீதம். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையோடு தேங்கும். நாம் கட்டிலில் படுக்கிறோம், குழந்தையைப் பாயில் போடுகிறோம். ஏ.சி. போட்டுக் கதவைச் சாத்திய படுக்கையறையில் தொட்டியும் சிலிண்டரும் வைத்திருக்கிற இரண்டு வீட்டை எனக்குத் தெரியும். தயவுசெய்து இன்று வீட்டுக்குப் போனதும் ஹாலுக்கு மாற்றுங்கள், ஜன்னல் பக்கமாக. கம்பெனியில் எல்.பி.ஜி.க்கு எத்தனை சேஃப்டி ஆடிட் செய்கிறோம்! வீட்டில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

அளவு பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி விற்கிறார்கள், தொட்டிக்குள் ஒட்டிவைப்பது. அதிலுள்ள சாயம் நீலமாக இருந்தால் வாயு போதாது, மஞ்சள் என்றால் அதிகம், பச்சை சரி. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதனால் பதறி வால்வைத் திருகக்கூடாது. விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி முன்னால் வாயு, விளக்கு அணைவதற்கு ஒரு மணி முன்னால் நிறுத்தம், டைமர் பார்த்துக்கொள்ளும். விளக்கு ஆறு மணி நேரத்தில் ஆரம்பித்து, எட்டுக்கு மேல் வேண்டாம். நான் பி ஷிப்ட் முடிந்து நடுராத்திரி வரும்போது தொட்டி இருட்டாகத்தான் இருக்கும். பார்க்க ஆசையாக இருந்தாலும் விளக்குப் போடுவதில்லை.

சிலிண்டரே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தண்ணீர் ஊற்றாமலே ஆரம்பிப்பது. மண்ணைச் சேறாகாமல் ஈரப்படுத்தி, செடியைச் சின்னச் சின்னக் கொத்தாகப் பிரித்து நட்டு, தொட்டியின் வாயை பிளாஸ்டிக் உறையால் மூடிவிட வேண்டும். தினம் ஒரு முறை திறந்து காற்றாடவிட்டு, ஸ்ப்ரேயரில் நீர் தெளித்தால் போதும். காற்றிலிருந்தே கார்பன் கிடைப்பதால் செடி ஆறு, எட்டு வாரத்தில் தரையை மூடிவிடும், பாசித் தொல்லையும் கிடையாது. பூஞ்சை வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். வேர் நன்றாகப் பிடித்தபின் ஓரமாக, மெதுவாகத் தண்ணீர் விடலாம். பழைய இலைகள் வாடி, தண்ணீருக்கேற்ற புது இலை வரும். இந்த நேரத்தில் பயந்துபோய்ப் பிடுங்கிவிடாதீர்கள். ஆனால் ஒன்று, கியூபா மாதிரி செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் வாயு வேண்டும். அது இல்லாத வீட்டுக்கு எதை நடுவது?

ஆரைக்கீரை. சிரிக்காதீர்கள்! கே.ஆர்.பி. அணைப் பாசன வயல்களில் வரப்போரம் நாலு இதழாக நிற்கிறதே, உங்கள் பாட்டி பறித்துப் பொரியல் செய்திருப்பாரே, அதுதான். அது கீரையே அல்ல, பெரணி இனம்; பூக்காது, காய்க்காது. மார்சிலியா என்ற பெயரில் அதன் ஒன்றுவிட்ட சகோதரர்களைத்தான் வெளிநாட்டில் கப்பில் அடைத்து விற்கிறார்கள். தண்ணீருக்குள் மூழ்கவைத்தால் நாலு இதழை விட்டுவிட்டு ஒற்றை இலை, இரட்டை இலையாகக் குட்டையாக வரும், கொடி மண்ணுக்குள்ளேயே ஓடும். மெதுவாக வளர்கிற செடி என்பதால் கேட்பதும் குறைவு. சிலிண்டர் இல்லாமல், சாதாரண விளக்கில், எங்கள் 18 அங்குலத் தொட்டி மூடிக்கொள்ள ஏழு மாதம் ஆயிற்று. வெளிச்சம் ரொம்பக் குறைந்தால் காம்பு நீண்டுவிடும், அவ்வளவுதான். வயலில் பறித்தால் பூச்சிமருந்து இருக்கும். வாளியில் போட்டு இரண்டு வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தபின் உபயோகியுங்கள், குறிப்பாக இறால் வளர்ப்பவர்கள். ஓசூர் சுமார் 3,000 அடி உயரத்தில் இருப்பது நமக்கு இன்னொரு வசதி. இந்த ஊர்க் குளிர் ரோஜாவுக்குப் பிடித்தது போலவே இந்தச் செடிகளுக்கும் பிடிக்கும். சென்னையில் மே மாதம் தொட்டிமேல் ஃபேன் கட்டுகிறார்கள்.

வெட்டிய செடியை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. மாதம் ஒரு முறை புல்லை வெட்டும்போது கைநிறையச் சேரும். உயிருள்ள செடி, குப்பையில் போட மனசு வராது, அதனால் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். நம் ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கிற ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து பூவுக்காக, அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. 2020-ல் கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டி என்ற இடத்தில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்து, ஜனங்கள் திரண்டு போய்ப் போட்டோ எடுத்தார்கள். அது கபோம்பா என்ற மீன்தொட்டிச் செடி, அதுவும் தென் அமெரிக்கா. பூவைப் பார்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம், வாய்க்காலில் இருக்கிற உள்ளூர்ச் செடி எங்கே போகும்? கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதை நிறுத்துவது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. இது கையில் இருக்கிறது. வெட்டியதை வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்து ரோஜாத் தொட்டிக்கு எருவாகப் போடுங்கள். தொட்டியைக் கழுவுகிற தண்ணீரையும் சாக்கடையில் விடாமல் செடிக்கே ஊற்றுங்கள், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு போதும். மீனுக்கும் இதேதான், வளர்க்க முடியவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், ஏரிக்கு வேண்டாம்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியில், நம் பழைய ஒர்க்‌ஷாப் வாசலில், இரண்டு ட்ரே ஆரைக்கீரை வைத்திருக்கிறேன். வாளியில் நான்கு வாரம் இருந்தது, மருந்து பயமில்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள், ஈரத்துணியில் சுற்றினால் சேலம், கோயமுத்தூர் வரை தாங்கும். சிலிண்டர் வைத்திருக்கிறவர்கள் சாப்பிட்டதும் என்னைப் பாருங்கள், ரெகுலேட்டர் ஒன்றைப் பிரித்துக் காட்டுவதற்காகக் கொண்டு வந்திருக்கிறேன்.